யானை பார்க்கக் கடல் தாண்டிய பந்தலூர்க்காரர்கள்

"யானை பாக்க ஃபிளைட் ஏறிப் போனீங்களாக்கும்?"

கொளப்பள்ளிக் கடைவீதியில் வைத்து ஒருவர் இப்படிக் கேட்டார். முந்தின வாரம்தான் அவர் வீட்டு வாழைகளை ஒரு யானைக் கூட்டம் தின்று மிதித்துவிட்டுப் போயிருந்தது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் நீலகிரியின் பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பக்கம் குடியிருக்கும் யாருக்கும் யானை வேடிக்கைப் பொருள் கிடையாது. ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி எடுக்கிற ஆள் அது. விடிந்ததும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகுமுன் "எந்த நம்பர் தோட்டத்துல நிக்குது?" என்று விசாரித்துக்கொள்ள வேண்டிய ஆள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாத்திரை வாங்க வெளியே போவதா, விடியட்டும் என்று இருப்பதா என்பதைத் தீர்மானிக்கிற ஆளும் அதுதான்.

இருந்தும் போனோம். மே மாத விடுமுறையில், இலங்கைக்கு. நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கிற மகள், மூன்றாவது படிக்கிற மகன், அப்புறம் என் அம்மா. பயணத்துக்குக் காரணமே அம்மாதான். அவர் பிறந்தது நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி நாடற்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்களே, அதில் எங்கள் தாத்தா குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டத்தில், இன்று டேன்டீ என்கிறோமே அதில், அம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றார். பெரியம்மா கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மகன், எனக்கு அண்ணன், ஹட்டனில் வேன் ஓட்டுகிறார்.

நோர்வூட் போய் அந்த லயத்தைப் பார்த்தது தனிக் கதை. அதை எழுத எனக்கு இன்னும் மனம் கூடவில்லை. இங்கே எழுதப்போவது வழியில் பார்த்த விலங்குகளைப் பற்றி. "பிள்ளைகளைக் கூட்டிட்டு வாறீங்க, மிருகம் காட்டாம அனுப்பவா?" என்று அண்ணன் போகிற வழியெல்லாம் ஜூவும் சஃபாரியுமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தார். நாங்கள் எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்பது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன்.

சென்னைப் பிள்ளைக்கு வண்டலூர் என்றால் புளியோதரை கட்டிக்கொண்டு போகிற இடம். எங்கள் பக்கம் ஜூ என்பது தப்புச் செய்த விலங்கைக் கொண்டுபோய் விடுகிற இடம். 2021 அக்டோபரில் மசினகுடிப் பக்கம் மூன்று வாரம் தேடி, மயக்க ஊசி போட்டுப் பிடித்த டி-23 புலி மைசூர் போனது. அதைக் கொல்லாமல் பிடிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே மூன்று வயதுக் குழந்தையைக் கொன்ற சிறுத்தை வண்டலூர் போனது. 2022 டிசம்பரில் பிடித்த பி.எம்.2 என்ற மக்னா யானைக்கு (தந்தமில்லாத ஆண் யானை) கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டுக்குள் விட்டார்கள். அது நடந்தே சுல்தான் பத்தேரி டவுனுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே கேரள வனத்துறை பிடித்து முத்தங்கா முகாமில் அடைத்தது. 1998-இல் பிடிபட்ட இன்னொரு மக்னா, இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட யானை, தெப்பக்காட்டில் மூர்த்தி என்ற பெயரில் முகாம் யானையாகி, மனிதர் கையிலிருந்தே கவளம் வாங்கித் தின்று சாதுவாக இருந்தது. என் மகள் சின்னவளாக இருந்தபோது "ஜூவுக்குப் போலாமா?" என்று கேட்டதற்கு என் மாமியார், "ஏன், நீ யாரைக் கடிச்ச?" என்றார்.

இந்த மனதோடுதான் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். கொழும்பை ஒட்டி, காலி நகருக்குப் போகும் வீதியிலிருந்து சற்று உள்ளே. புத்தருக்கான வெசாக் பண்டிகையின் விளக்குக் கூடுகள் தெருவெங்கும் தொங்கிக்கொண்டிருந்த வாரம் என்பதால் கூட்டம் நெரிந்தது. டிக்கெட் ஜன்னலில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு வேறு விலை. அண்ணன் உள்ளூர் வரிசையில் போய் நின்றார். அம்மா இந்திய பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்தார். பிறந்த இடம் என்ற வரியில் நுவரெலியா என்று இருக்கிறது. விலை மாறவில்லை, மாறாது. அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் எந்தக் கூண்டில் என்ன இருக்கிறது என்றே மனதில் பதியவில்லை.

தெஹிவளைக்கு இருக்கும் கதை எனக்குப் போகுமுன்பே தெரியும், பாதி தூக்கத்தில் வாசித்தது. ஜான் ஹாகன்பெக் என்ற ஜெர்மன்காரர் இலங்கையில் விலங்குகளைப் பிடித்து, ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றும்வரை வைத்திருந்த இடத்திலிருந்து கிளம்பியது இந்தத் தோட்டம். அவருடைய கம்பெனி நொடித்துப்போனபோது, 1936-இல் அரசு எடுத்துக்கொண்டது. அதாவது ஆரம்பத்தில் அது ஒரு கிட்டங்கி. இவருடைய அண்ணன் கார்ல் ஹாகன்பெக்தான் 1907-இல் ஹாம்பர்க்கில் கம்பியை எடுத்துவிட்டு அகழி வெட்டி விலங்குகளை நிறுத்திக் காட்டியவர். இன்று உலகத்தில் கம்பியில்லாத ஜூ எது இருந்தாலும் அதற்கு அவர் ஒரு வகையில் மூதாதை. அதே கார்ல், 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கூட்டிக்கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் டிக்கெட் வைத்துக் காட்டினார். குடிசை போட்டு, சமைக்க வைத்து, ஆட வைத்து. வேலியின் அந்தப் பக்கம் தொப்பி போட்ட கனவான்கள்.

நீலகிரிக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு ரொம்பவும் முகம் சுளிக்க வேண்டாம். ஊட்டிக்கு வருகிற சுற்றுலா வேன் தோடர் குடியிருப்பான மந்தின் முன்னால் நின்று, "இறங்கிப் பாத்துட்டு வாங்க சார், பத்து நிமிஷம்" என்று சொல்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

சரி, தெஹிவளை. நகரத்துக்குள் அடைபட்ட சிறிய நிலம், அதில் தொண்ணூறு வருஷத்துக் கட்டடங்கள். மரங்கள் அருமையானவை; சில இடங்களில் கூண்டில் இருப்பதைவிட மரத்தில் தாமாக வந்து உட்கார்ந்திருந்த பறவைகளை அதிக நேரம் பார்த்தேன். கடல்சிங்கக் காட்சிக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மீன் காட்சி இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தது, அந்த வெயிலுக்கு அதுவே போதும். பெரும்பூனைகள் இருக்கும் பகுதியை மட்டும் நான் வேகமாகக் கடந்தேன். அந்தக் காலத்தில் கூண்டு எப்படிக் கட்டுவார்களோ அப்படிக் கட்டியது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நெரிசலைக் குறைக்கத்தான் பின்னவலையில் ஒரு திறந்தவெளி மிருகக்காட்சிசாலையை 2015-இல் திறந்தார்கள், அம்பாந்தோட்டையில் ரிதியகம சஃபாரிப் பூங்காவை 2016-இல் திறந்தார்கள்.

அம்மாவுக்குத் தெஹிவளை வேறு வகையில் முக்கியம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொழும்பு எட்டாத ஊர். கணக்கப்பிள்ளை மகள் ஒருத்தி பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்து, இங்கே பல காலம் தினமும் சாயங்காலம் நடந்த யானை நடனத்தைப் பார்த்துவிட்டுப் போய், லயத்தில் மாதக்கணக்காக அதையே பேசினாளாம். யானை ஒற்றைக் காலில் நிற்குமாம், மவுத் ஆர்கன் ஊதுமாம். அம்மா இத்தனை வருஷம் கழித்து யானைகள் நின்ற இடத்துக்கு வந்து நின்றார். வேலியிலிருந்து நல்ல தள்ளி. பார்த்தார். "ஆடுறதைப் பாக்காம விட்டதும் நல்லதுக்குத்தான்" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு விஷயம், சிங்கப்பூர் போய்வந்தவர்களுக்காக. 1973-இல் திறந்த சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகழிகளோடு திட்டமிட ஆலோசனை சொன்னவர் லின் டி அல்விஸ், இந்தத் தெஹிவளையின் இயக்குநராக இருந்தவர். இரவில் மட்டும் திறக்கும் உலகத்தின் முதல் விலங்குத் தோட்டத்தைச் சிங்கப்பூர் 1994-இல் திறந்தபோது அந்த யோசனைக்குப் பின்னாலும் அவர் இருந்தார். சிங்கப்பூரில் நல்ல நிலமும் பணமும் கொடுத்தார்கள். இங்கே அவருக்குக் கிடைத்தது இந்தச் சின்ன மேடுதான்.

அடுத்தது பின்னவல அநாதை யானைகள் இல்லம். கண்டி வீதியில் கேகாலைப் பக்கம் பிரிகிற பாதை. 1975-இல் ஐந்து அநாதைக் குட்டிகளோடு வனவிலங்குத் துறை தொடங்கியது. மூன்று வருஷத்தில் மிருகக்காட்சிசாலைத் துறை எடுத்துக்கொண்டது. 1984-இல் முதல் குட்டி இங்கேயே பிறந்தது, பிறகு பிறந்துகொண்டே இருக்கின்றன. 2021-இல் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டி போட்டது பெரிய செய்தி. இலங்கையில் அப்படி நடந்து எண்பது வருஷம் ஆகியிருந்ததாம். தென்னந்தோப்பிலிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் கிளம்பி, இரண்டு பக்கமும் கடை வரிசை உள்ள குறுகிய தெரு வழியாக இறங்கி, மகா ஓயா ஆற்றில் குளிக்கப் போகின்றன. ஒரு நாளைக்கு இரண்டு முறை. தெருவில் சட்டை, மரச் சிற்பம், யானைச் சாணத்திலிருந்து செய்த காகிதம் எல்லாம் விற்கிறார்கள்.

யானைகள் வருகின்றன என்று விசில் சத்தம் கேட்டதும் வெள்ளைக்காரர்கள், சீனர்கள், நாங்கள் என எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டி செல்போனைத் தூக்கிப் பிடித்தோம். அம்மாவைக் காணோம். பார்த்தால் ஒரு துணிக்கடைக்குள் புகுந்து, மாடிப்படியில் பாதி ஏறி நிற்கிறார். கடைக்காரப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டார். பேரன் வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"பழகின யானை அம்மாச்சி, ஒண்ணும் செய்யாது."

"செய்யாதுன்னு யாருடா சொன்னது, யானையா?"

தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு யானை என்றால் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது. பிறகு குட்டி கூட இருக்கிறதா என்பது. பிறகு நாம் நிற்கிற இடத்திலிருந்து நழுவ வழி எது என்பது. இந்த மூன்றையும் கேட்காமல் யானை பக்கத்தில் நிற்பது அவருக்கு மரியாதைக் குறைவாகக்கூடப் பட்டிருக்கும். யானைக்கு மரியாதைக் குறைவு, அதைச் சொல்கிறேன்.

ஆற்றில் யானைகள் படுத்துக் குளிப்பதைப் பாறை மேலிருந்து பார்த்தது அழகுதான், மறுக்கவில்லை. கண்ணிவெடியில் பாதத்தை இழந்த சாமா என்ற யானையை இங்கேதான் வைத்துப் பராமரித்தார்கள். யுத்தம் மனிதரை மட்டும் முடமாக்கவில்லை என்று பிள்ளைகளுக்கு அங்கே சொல்ல முடிந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. இங்கே வருகிற குட்டி இங்கேயே வளர்ந்து, இங்கேயே குட்டி போட்டு, இங்கேயே கிழடாகும். காட்டுக்குத் திரும்பும் வழி இந்தத் திட்டத்தில் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் யாருக்கும் வேறு வழி தோன்றியிருக்காது. எங்கள் தெப்பக்காடும் அதே மாதிரிதானே.

அந்தப் பகுதியிலிருந்து திரும்புகிற வழியில் யானைச் சவாரி என்று போர்டு வைத்த ஒரு தனியார் இடத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். மேலே ஏறலாம், தேங்காய்ச் சிரட்டையால் தேய்த்துக் குளிப்பாட்டலாம், பழம் ஊட்டலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. மகன் குதித்தான். முன்னங்கால் இரண்டிலும் சங்கிலியோடு ஒரு கிழட்டு யானை தொட்டிப் பக்கம் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தது. அதை "சந்தோஷமா ஆடுது பாருங்க" என்றார் அங்கே இருந்தவர். அப்படி ஓயாமல் ஆட்டுவது சந்தோஷத்தில் அல்ல. நாள் கணக்கில் ஒரே இடத்தில் கட்டி வைத்த யானைக்கு வருகிற பழக்கம் அது, கோயில் யானைகளிடமும் பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகன் ஹட்டன் வரை அழுதான். வீட்டுக்காரர் "ஒரு அஞ்சு நிமிஷந்தானே" என்று என்னைப் பார்த்தார். அவரோடு அன்று இரவு வரை எனக்குப் பேச்சில்லை.

அப்புறம் நோர்வூட். அதைத் தாண்டி விடுகிறேன்.

மலையை விட்டுத் தெற்கே இறங்கினால் காற்றே வேறு. உடவளவை, வறண்ட சமவெளி, பெரிய நீர்த்தேக்கம். இந்தப் பயணத்தில் எனக்கு மறுபடி போக வேண்டும் என்று தோன்றிய இடம் இதுதான், அதிலும் குறிப்பாக யானைக் குட்டிகளுக்கான இடைத்தங்கல் இல்லம். 1995-இல் வனவிலங்குத் துறை ஆரம்பித்தது. தாயை இழந்த குட்டிகளைக் கொண்டுவந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுத்து வளர்த்து, ஐந்து வயது வாக்கில் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். முதல் கூட்டம் 1998-இல் போனது. இதுவரை நூறுக்கும் மேல் போயிருக்கின்றன. விட்ட குட்டிகளில் சில வளர்ந்து காட்டில் தாங்களே குட்டி ஈன்றிருக்கின்றன.

பார்வையாளர்களுக்கு ஒரு மேடை. அவ்வளவுதான். கீழே இறங்க முடியாது, தொட முடியாது, பழம் கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் முடியாது. பால் நேரம் வந்ததும் ஒரு வாசல் திறக்கிறது. நாலைந்து குட்டிகள் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வருகின்றன. ஊழியர்கள் புனலும் குழாயும் வைத்து வாயில் பாலை ஊற்றுகிறார்கள். குடித்து முடித்த ஒன்று, வரிசையில் பின்னால் போய் நின்று இரண்டாம் பங்குக்கு முயன்றது. ஊழியர் அதைக் கண்டுபிடித்துக் குச்சியைக் காட்டியதும் முனகிக்கொண்டே ஓடியது. சத்துணவு வரிசையில் இதே வேலையைச் செய்கிற இரண்டு பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். பால் முடிந்ததும் தழை. தழை முடிந்ததும் எல்லாம் ஒட்டுமொத்தமாகத் திரும்பிப் புதர்க்காட்டுப் பக்கம் நடந்தன. ஒன்றுகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று சலித்துக்கொண்டார்.

எனக்கு வேறு மாதிரி இருந்தது. காசு கொடுத்து வந்தவனிடம் "உன்னோடு பழகினால் அது பிழைக்காது, அங்கேயே உட்கார்" என்று சொல்லத் துணிந்த இடம் இந்தப் பயணத்தில் இது ஒன்றுதான். மற்ற எல்லா இடத்திலும் கிட்டப் போவதைத்தான் விற்றார்கள். எவ்வளவு கிட்ட, அவ்வளவு விலை. அம்மாவும் இங்கேதான் முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்து யானை பார்த்தார். முன் வரிசையில்.

இந்தக் குட்டிகள் எப்படி அநாதையாகின்றன என்று அண்ணன் விளக்கினார். கிணற்றிலும் கால்வாயிலும் விழுந்தவை, ரயிலில் தாயைப் பறிகொடுத்தவை, துப்பாக்கிக்குத் தாயைக் கொடுத்தவை. அப்புறம் "ஹக்க பட்டாஸ்". பூசணிக்காய் மாதிரி எதற்குள்ளாவது வெடிமருந்தை மறைத்துக் காட்டுப்பன்றிக்கு வைப்பார்கள், யானைக் குட்டி கடித்துத் தாடை சிதறிப் போகும். அவர் சொல்லி முடிக்குமுன் அம்மா, "நம்ம பக்கத்து அவுட்டுக்காய்தான்" என்றார். இலங்கையில் சமீப வருஷங்களில் ஆண்டுக்கு நானூறு வாக்கில் யானைகள் சாகின்றன, நூறுக்கும் மேற்பட்ட மனிதர்களும். நம் வாழைத்தோப்புத் தகராறு கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் பெரிதாக நடக்கிறது.

மாலையில் உடவளவை தேசியப் பூங்காவுக்குள் ஜீப். நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க 1972-இல் அறிவித்த காடு. புல்வெளியாகப் பரந்து கிடப்பதால் யானை தென்படாமல் போக வாய்ப்பே இல்லை. முதுமலையில் வேன் சவாரி போனவர்களுக்குத் தெரியும். உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் பத்தடியில் யானை நின்றாலும் நாம் மானைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். இங்கே கண்ணெட்டும் தூரத்துக்கு யானைக் கூட்டம். மகள்தான் முதலில் கவனித்தாள். "ஒண்ணுக்குக்கூடத் தந்தம் இல்லையே, எல்லாம் மக்னாவா?" இலங்கை ஆண் யானைகளில் தந்தமுள்ளவை பத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. அங்கே தந்தமில்லாத அலியன்தான் வழக்கம், கொம்பன் அபூர்வம். நம் பக்கம் மக்னாவைக் கண்டால் தனியாகப் பெயர் வைத்துப் பயப்படுகிறோம்.

திரும்பும்போது நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலையில் ஒரு காட்சி. மின்வேலிக்கு அந்தப் பக்கம் யானைகள் வரிசையாக நின்று, போகிற வாகனங்களிடம் பழத்துக்குத் துதிக்கை நீட்டுகின்றன. ஓரத்தில் பழக்கடைகளே இருக்கின்றன. கூடலூர்–மைசூர் சாலையில் முதுமலைக்குள் வண்டியை நிறுத்தினாலே அபராதம் என்பதற்காக எரிச்சல்படுகிறவர்கள் இதை ஒரு தடவை பார்க்க வேண்டும். எங்களுக்கு ரிவால்டோ நினைவு வந்தது. மசினகுடிக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டத்தில் பழம் கொடுத்துக் கொடுத்தே ஊரோடு பழக்கிவிட்ட யானை. 2021-இல் அதைப் பிடித்து, மூன்று மாதம் கரால் என்ற மரக்கூண்டில் வைத்து, தூரமாகக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த நாளே கிளம்பி வந்த வழிக்கே திரும்பிவிட்டது. பழம் நீட்டிய கைகளுக்கு இதிலெல்லாம் எந்தச் சங்கடமும் இல்லை, எல்லாம் யானைக்குத்தான்.

ரிதியகம பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஐந்நூறு ஏக்கர், கம்பி வலை போட்ட பஸ், அடுக்கடுக்கான கதவுகள். நாங்கள் போனது உச்சி வெயிலில். சிங்கங்கள் நிழலில் மல்லாந்து கிடந்தன, மகனும் என் மடியில் மல்லாந்து கிடந்தான். காலையில் முதல் பஸ்ஸில் போயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. தெஹிவளைக் கூண்டோடு ஒப்பிட்டால் அந்தச் சிங்கங்களுக்கு நடக்கவாவது இடம் இருந்தது.

யால கடைசி. சிறுத்தைக்குப் பேர்போன காடு. இலங்கையில் புலி கிடையாது, சிங்கம் கிடையாது. அதனால் சிறுத்தைதான் ராஜா, பகலிலேயே பாறை மேல் படுத்துக் கிடக்கும் என்று படித்திருந்தேன். உண்மைதான். நம் பக்கத்துச் சிறுத்தைக்குப் புலியிடமும் மனிதரிடமும் ஒளிந்து ஒளிந்தே காலம் போகிறது; தேயிலைச் செடிக்கடியில் அது படுத்திருந்தாலும் பக்கத்து வரிசையில் கொழுந்தெடுப்பவருக்குத் தெரியாது. யாலவில் அது மரக்கிளையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் டிரைவருக்கு செல்போனில் தகவல் வந்து நாங்கள் போய்ச் சேருமுன் அங்கே ஜீப்புகள் குன்னூர் சீசன் டிராஃபிக் மாதிரி அடைத்து நின்றன. ஒருவர் பின்னால் போகச் சொல்லிக் கத்த, இன்னொருவர் முன்னால் வரச் சொல்லிக் கத்த, புழுதி.

"வீட்டு நாயைத் தூக்கிட்டுப் போறதுக்கு இத்தனை ஜீப்பா!" என்றார் அம்மா. ஜீப்பில் எல்லாரும் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை. 2024 ஜனவரியில் அந்தக் குழந்தை இறந்த எஸ்டேட் எங்கள் வீட்டிலிருந்து பஸ் போகிற தூரம்தான். சாலை மறியல், கடையடைப்பு எல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. அந்த வாரம் முழுக்க அவளை நான் பள்ளிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கிளையில் கிடந்த சிறுத்தையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது அங்க பிறந்திருந்தா ஒளிஞ்சிட்டிருக்கும், அது இங்க பிறந்திருந்தா எல்லாரும் ஃபோட்டோ எடுத்துட்டிருப்பாங்க, இல்லம்மா?" என்று கேட்டாள். வண்டலூருக்குப் போனதைச் சொல்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டிரைவர் வண்டியைத் திருப்பினார், அடுத்த ஜீப்புக்கு இடம் விடுவதற்காக.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு: திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான், கூடலூரிலிருந்து திருச்சி போவதுதான் நெடும்பயணம். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். பல இடங்களில் நம்மைப் போன்ற சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். தெஹிவளைக்கு விடுமுறை நாளில் போகாதீர்கள். உடவளவைப் பால் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போய் இடம் பிடியுங்கள். யானை மேல் ஏறலாம் என்று யார் சொன்னாலும், பிள்ளை அழுதாலும், வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

டிசம்பரில் அண்ணன் குடும்பத்தோடு இங்கே வருகிறார். அங்கே இல்லாத விலங்கு என்பதால் ஒரே கோரிக்கைதான்: "தங்கச்சி, ஒரு புலியாவது காட்டிப்போடணும்." தெப்பக்காட்டில் வேன் ஏற்றிவிடுகிறேன், மான், மயில் உறுதி, காட்டெருமை அநேகமாக, புலிக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை. அம்மா போனை வாங்கி, "நீ வா ராசா, காட்டுல இல்லாட்டி மைசூர் ஜூவுக்குக் கூட்டிட்டுப் போறேன். நம்ம ஊரு புலி அந்த ஊருக்குத்தான் போயிருக்கு" என்றார்.